போப்பாண்டவரிடம் சொல்லாமல் விட்ட பெயர்

எங்கள் மடத்துக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் போட்டோவின் முன்னால்தான் போய் நிற்பார்கள். வரவேற்பறைச் சுவரில், நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, மதர் ஆள் வைத்து ஆணி அடித்து மாட்டியது. அதில் போப்பாண்டவர் இருக்கிறார். அவர் கையைப் பிடித்தபடி நான் இருக்கிறேன். அவர் சிரிக்கிறார். நானோ பல்வலிக்காரி மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே எதையோ பார்க்கிறேன். "எவ்வளவு பக்தியாத் தலை குனிஞ்சு நிக்கிறீங்க சிஸ்டர்!" என்று வருகிறவர்கள் உருகும்போது எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். பக்தியாவது மண்ணாவது! நான் அப்போது அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் நர்ஸ். கன்னியாஸ்திரி ஆவதற்கு முன்பே நர்ஸ். பாரிவாக்கத்தில் எங்கள் சபை நடத்தும் சின்ன மருந்தகத்தில் பதினான்கு வருஷமாகக் கிடக்கிறேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நாய்க்கடி, பிள்ளைக்குக் காய்ச்சல், கிழவருக்குக் கால் வீக்கம் என்று காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் வரை நிற்க நேரமிருக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும். தியான நாட்களில் மூன்று நாள் வாய் பேசாமல் உட்காரச் சொன்னால் எனக்குக் கால் குடையும். 'நீ முழங்காலில் இருப்பதைவிட மாடிப்படியில் இருப்பதுதான் அதிகம்' என்று மதர் கேலி செய்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் பொய்யில்லை.

அந்த மருந்தகத்தில் எனக்கு வலது கை ஆயாம்மா. வயது ஐம்பது இருக்கும். பாரிவாக்கத்திலேயே பிறந்து, பாரிவாக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். அவர்கள் நெல் விதைத்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. பெருக்குவது, துடைப்பது, வரிசையை ஒழுங்கு செய்வது, ஊசிக்கு அழுகிற குழந்தையை அடக்குவது எல்லாம் அவர்தான். செவ்வாய்க்கிழமை மாங்காட்டம்மன், மற்ற நாளெல்லாம் எங்கள் மாதா படத்துக்குப் பூ. "ரெண்டு பேரும் பொம்பளைங்கதானே சிஸ்டர், அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க" என்பார். கோபம் வந்தால் என்னையும் ஒரு பிடி பிடிப்பார், மதரையும் பிடிப்பார். அவருக்கு ஒரே மகள். பட்டாபிராமில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை குழந்தை தங்கி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. மூன்றாவது முறை தங்கி, ஆறாம் மாதம் தொடங்கியிருந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ரோமில் எங்கள் சபையின் பொதுக்கூட்டம் வந்தது. இங்கிருந்து போகவேண்டிய மூத்த சிஸ்டருக்கு முழங்கால் வலி, விமானமேற முடியாது என்றார்கள். கடைசி நேரத்தில் என்னைத் தள்ளிவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் போப்பாண்டவரை நேரில் சந்திக்க ஏற்பாடாகியிருக்கிறது என்று செய்தி பரவியதுதான் தாமதம், மடத்தில் ஒரே கூட்டம். ஆசீர்வதித்து வாங்கி வரச்சொல்லி ஒரு பை நிறைய ஜெபமாலை சேர்ந்துவிட்டது. நசரத்பேட்டை சிமென்ட் கடைக்காரர் புதிதாக வாங்கிய காரின் மாற்றுச் சாவியைக் கொடுத்தனுப்பினார். "வண்டிய எடுத்துக்கினு போகமுடியாது இல்ல சிஸ்டர்?" என்று அவர் நியாயம் சொன்னார்.

ஆயாம்மா எதுவும் கொடுக்கவில்லை. நான் கிளம்புகிற அன்று துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றார். "சிஸ்டர், எம் பொண்ணு பேர மட்டும் அவராண்ட சொல்லிடுங்க. கதையெல்லாம் வேணாம். பேரு போதும். மீதி அவருக்குத் தெரியும்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன் என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். அவர் கண் கலங்கியது. அந்த மனுஷி என்னிடம் பன்னிரண்டு வருஷத்தில் கேட்ட ஒரே உதவி அது.

நான் மறக்கவில்லை. அதுதான் கொடுமை. சந்திப்பு அன்று காலை, மருந்தகத்தில் அவசரத்துக்கு நோயாளியின் பிரஷரை உள்ளங்கையில் எழுதிக்கொள்வேனே, அதே மாதிரி அந்தப் பெயரை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். எனக்கு இடப்பக்கம் ஆந்திரா சிஸ்டர், வலப்பக்கம் ஓர் ஆப்பிரிக்க சிஸ்டர். இருவரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி அந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் எப்படி ஆரம்பிப்பது, 'ஹோலி ஃபாதர்' என்பதா, வேறு ஏதாவதா, ஒரே குழப்பம். அதற்குள் அவர் வந்துவிட்டார்.

போட்டோக்களில் பார்ப்பதைவிட வயதானவராக இருந்தார். மெதுவாக நடந்து வந்தார். நான் அவர் கையைப் பற்றினேன். என் விரல்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் போப்பாண்டவரும் ஒன்றுதான், பாரிவாக்கத்துப் பால்காரரும் ஒன்றுதான். அவை தாமாக நகர்ந்து மணிக்கட்டுக்குப் போய் நாடியைத் தேடின. கண்ணும் தன்பாட்டுக்குக் கீழே இறங்கியது. கணுக்காலில் வீக்கம். ஷூவின் விளிம்பு சதையில் பதிந்திருந்தது. அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. அதுவும் தமிழில்! "காலைத் தொங்கப் போட்டு ஒக்காராதீங்க ஃபாதர், உப்பக் கொறைங்க" என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் காலைக் காட்டி, "சால்ட், ஃபாதர், லெஸ் சால்ட்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரத்தில்தான் போட்டோ எடுத்திருக்கிறார்கள். தனக்காக ஜெபிக்கும்படி என்னிடம் ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லிவிட்டு, ஆப்பிரிக்க சிஸ்டரின் கையைப் பற்றிக்கொண்டார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு கை கழுவப் போன இடத்தில்தான் உள்ளங்கையைப் பார்த்தேன். பெயர் அப்படியே இருந்தது. அடிப்பாவி, என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

பேருந்தில் ஏறுவதற்குள் போன் அடித்தது. ஆயாம்மா. மகள் வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாட்ஸாப்பிலிருந்து கூப்பிடுகிறார். "சிஸ்டர், பாத்தீங்களா? சொன்னீங்களா?" என்று கேட்டார். பின்னால் அவர் மகளின் குரல் கேட்டது. இரண்டு பேரும் ஒரே போனில் காதை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான், "சொன்னேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. படுத்த படுக்கையாக இருக்கிற பிள்ளை மனம் நோகக்கூடாது, குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டால் இதெல்லாம் யாருக்கு ஞாபகமிருக்கப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் மருந்தக வரிசையில் எல்லாரிடமும் ஆயாம்மா இதையே சொல்லிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு பேரு போப்பாண்டவரு வாயில வந்துட்ச்சி, தெரியுமா?" என்று மாத்திரைக்கு வந்த கிழவிகளை நிறுத்திவைத்துச் சொல்வார். நான் உள்ளே பிரஷர் கருவியின் பட்டையை நோயாளியின் கையில் சுற்றிக்கொண்டே கேட்பேன். எண் சரியாகத் தெரியாது. மறுபடி சுற்றுவேன்.

நான் திரும்பிய பத்தாவது நாள் குழந்தை போய்விட்டது.

அழுவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார், பெருக்கினார், துடைத்தார். மாதா படத்துக்குப் பூ வைக்கவில்லை. மாங்காட்டில் ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைப்பதாக வேண்டியிருந்தார், நாலாவது வாரத்தோடு அதையும் விட்டுவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா தெளிவாகவே சொல்லியிருந்தார். கர்ப்பப்பையின் வாய் இறுக்கமாக இல்லை, அதுதான் காரணம். அடுத்த முறை மூன்றாம் மாதமே வந்துவிட்டால் ஒரு தையல் போட்டுவிடலாம், பெரும்பாலும் தங்கிவிடும் என்றார். அந்தச் சீட்டை என்னிடம் காட்டினார்கள், நானும் படித்து விளக்கினேன். ஆயாம்மா சீட்டை மடித்து என் மேஜையிலேயே வைத்துவிட்டார். "வேணாம் சிஸ்டர். அம்மாம் பெரியவரு கேட்டே சாமி குடுக்கல. அப்புறம் இன்னா தையலு? அவளுக்கு இல்லன்னு எழுதிகீது. அவளே சொல்லிட்டா, இனிமே ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டாளாம்" என்றார்.

நான் சொன்ன ஒரு சொல், ஒரு பெண்ணுக்குக் கடவுளின் தீர்ப்பாகப் போய் நின்றுவிட்டது. உண்மையைச் சொல்லவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் தினமும் கேட்டேன். காலையில் சொல்லலாம் என்பேன், வரிசை நீளமாக இருக்கும். மதியம் சொல்லலாம் என்பேன், அவர் சாப்பிட உட்கார்ந்திருப்பார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்கக் கூசியது. பூந்தமல்லி போய், என்னைத் தெரியாத ஒரு பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடவுள் மன்னிப்பார் சிஸ்டர். ஆனா அந்த அம்மாகிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும், அதை நான் உங்களுக்காகச் செய்யமுடியாது" என்றார். அந்த மனிதர் மேலேயே கோபம் வந்தது எனக்கு.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, மருந்தகம் மூடிய பிறகு சொன்னேன். ஆயாம்மா பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால் வீக்கம், உப்பு, உள்ளங்கையில் இருந்த பெயர், போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் மாப்பை வாளியில் போட்டார். "அத்தினி பேராண்டயும் சொன்னேனே சிஸ்டர்! என்னயும் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!" என்று கத்தினார். நான் தலை குனிந்து நின்றேன். வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேறு ஒரு குரலில் கேட்டார். "மாங்காட்டம்மாவாண்ட நான் கேட்டேன். உங்க பக்கம் யாருமே கேக்கலியா? அவருதான் கேக்கல. நீங்க?"

நானும் கேட்டிருக்கவில்லை. போப்பாண்டவரிடமே சொல்லப்போகிறோம் என்ற மிதப்பில், என் கோயிலில், என் முழங்காலில், அந்தப் பெயரை ஒருநாள்கூட நான் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் என்னோடு தரை துடைத்தவரின் மகள். "இல்ல ஆயாம்மா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாகீது சிஸ்டர் உங்க லட்சணம்" என்றார். பிறகு, "கெளம்புங்க. எம் பொண்ணாண்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றார்.

பூந்தமல்லியில் பஸ் பிடித்து ஆவடியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பட்டாபிராம் போனோம். அந்தப் பெண் மாடிப்படிக்குக் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். உன் பெயரை நான் அவரிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் பொய் சொன்னேன், என்னை மன்னித்துக்கொள் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, சாமி எனக்கு இல்லன்னு சொல்லலியா சிஸ்டர்?"

"இல்லம்மா. கேட்டிருந்தாத்தானே சொல்றதுக்கு" என்றேன். அவள் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அழாமல் வைத்திருந்த அழுகை. ஆயாம்மாவும் அழுதார். நான் பையிலிருந்து டாக்டரம்மாவின் சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். மூன்றாம் மாதமே தையல் போட்டாயிற்று. ஆயாம்மா எனக்குக் காபி கொண்டுவந்து வைக்கிறார், ஆனால் முன்போல் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவதில்லை. பேசச் சொல்லி நான் கேட்கவுமில்லை, அந்தத் தகுதி எனக்கு இல்லை. முதல் இரண்டு முறையும் போனது இதே மாதத்தில்தான். இந்த வாரம் தாண்டவேண்டும், அடுத்த வாரம் தாண்டவேண்டும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருந்தகத்துக்குப் போகிற வழியில், படி ஏறும்போது, ஊசி போடும்போது, அந்தப் பெயர் வாயில் வந்துகொண்டே இருக்கிறது. என்ன ஆகுமோ தெரியாது. பயமாக இருக்கிறது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.