மாப்பிள்ளை மோதிரமும் இரண்டு கரண்டி மாவும்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அப்பளம் பொரித்தார். இதுவே ஒரு செய்திதான். முப்பது வருடமாக அடுப்பைத் தூரத்திலிருந்து தரிசித்தவர், ரிட்டயர் ஆன வேகத்தில் ஹெல்ப் பண்ணக் கிளம்பிவிட்டார்.

மூன்றாவது அப்பளத்தில் எண்ணெய் தெறித்தது. வலது கை விரல்கள் சிவந்துவிட்டன.

பாவம், குழாயடிக்குத்தான் ஓடப் பார்த்தார். மடக்கியது நான். ஃப்ரிட்ஜிலிருந்து இட்லி மாவை எடுத்தேன். இந்த வங்காளத்து ஊரிலும் நம்மூர்ச் சாமான் கிடைக்கும் லேக் மார்க்கெட்டில் வாங்கின அரிசி, வீட்டில் அரைத்தது, சில்லென்று வேறு இருக்கிறது... இதைவிட என்ன மருந்து வேண்டும்?

"மோதிரத்தைக் கழட்டிடட்டுமா?" என்றார்.

"அது எங்க ஓடிப் போறது? மொதல்ல கையை நீட்டுங்கோ!"

அது கல்யாணத்தில் என் அப்பா போட்ட மாப்பிள்ளை மோதிரம். அப்பா இப்போது இல்லை. அதனாலேயே, குளிக்கும்போதுகூட அவரைக் கழற்ற விட்டதில்லை.

சத்தம் கேட்டு எதிர் ஃப்ளாட் பௌதி (வங்காளத்தில் அண்ணி) பச்சை டியூப் க்ரீமோடு வந்தாள். வங்காளி வீடுகளில் உதட்டு வெடிப்பிலிருந்து வெட்டுக்காயம் வரைக்கும் அதுதான் வைத்தியம். மாவைப் பார்த்ததும் ஹிந்தியில் சிரித்தாள்.

"என்ன தீதி, கையில தோசை வார்க்கறீங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொரு கரண்டி அப்பினேன். தமிழ்நாட்டு மானமே அந்தக் கையில் அல்லவா இருந்தது!

ஒரு மணி நேரம் போனது. மாவு காய்ந்தது. அடியில் விரல் வீங்கிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

"மரத்துப் போற மாதிரி இருக்குடி..."

கழுவிப் பார்த்தேன். மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. விரல் நுனி நீலமாகியிருந்தது. சோப்புக்கும் நகரவில்லை, எண்ணெய்க்கும் நகரவில்லை.

டாக்ஸி பிடித்து, பவானிபூரில் மருந்துக்கடையின் பின்னறையில் உட்காரும் டாக்டரிடம் ஓடினோம். நகத்தோரம் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி மோந்து பார்த்தார் மனிதர். பிறகு வங்காளமும் ஆங்கிலமுமாகக் கேட்டார்: "விரல் வேணுமா, மோதிரம் வேணுமா?"

கணவர் என்னைப் பார்த்தார். விரல் அவருடையது — ஆனால் பர்மிஷன் நான் தர வேண்டுமாம்!

"வெட்டிடுங்க டாக்டர்," என்றேன். அழுதுவிட்டேன்.

குட்டிக் கட்டர் ஒன்று அப்பாவின் மோதிரத்தைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் விரலுக்கு நிறம் திரும்பியது. உயிர் வந்தது — எனக்கு.

சிங்க்கில் கையைக் காட்டச் சொல்லிவிட்டு டாக்டர் பாடம் எடுத்தார். சுட்டதுமே மோதிரத்தைக் கழட்டணும். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணி, அவ்வளவுதான். ஐஸ், பேஸ்ட், மாவு எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. நன்றாக ஆறின பிறகு, தோல் கிழியாமல் இருந்தால் கற்றாழை தடவிக்கொள்ளலாம்.

"தெரியும் டாக்டர்," என்றேன் தலையைக் குனிந்துகொண்டு.

தெரியாமல் என்ன? போன தீபாவளிக்கு முந்தின வாரம், இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில், மோதிரம் உட்பட அத்தனையையும் உங்களுக்கு எழுதியவளே நான்தானே!

டாக்ஸியில் கணவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"எழுதினியா? நான் படிக்கலையே!"

அவர் படிக்காதது புதிதில்லை. நானாவது படித்திருக்கலாம்.