மாமா பிடுங்கிய ஊன்றுகோல்கள்

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "நம் வழிகாட்டி மறைந்தார்." அம்மாவின் அண்ணன், கதிரேசன் மாமா. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். என் இடது காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

அறியாதவர்களுக்காக: மாமா அவர்கள் சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். சட்டம், சமையல், சர்க்கரை நோய் என்று அவர்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. படித்ததும் எதுவும் கிடையாது.

பிறவியிலேயே என் இடது கால் ஆறு சென்டிமீட்டர் குட்டை. இருபத்திரண்டு வயதில் எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் பூட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டராகத் திருகி நீட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து மாமா அளவு நாடாவுடன் எங்கள் பொங்கோல் வீட்டுக்கு வந்தார்கள். அளந்தார்கள். "வந்துடுச்சுலா! இன்னும் எதுக்கு இந்தக் கூண்டு? டாக்டர் சும்மா இழுக்கிறாரு."

டாக்டரோ எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார்: "நீளம்தான் வந்திருக்கு, எலும்பு இன்னும் வரலை. நடுவுல இருக்கிறது இளசு. நாலு பக்கத்துல மூணு பக்கமாவது கெட்டியாத் தெரியட்டும்." மேலும் நான்கு மாதம் பொறுத்துத்தான் வளையங்களைக் கழற்றினார். அதற்குப் பிறகும் ஆறு வாரம் ஊன்றுகோல் இல்லாமல் நிற்கக் கூடாது என்றார்.

மூன்றாவது வாரம் மாமா மகள் சுமதிக்குக் கல்யாணம். மேடையில் படம் எடுக்கும்போது மாமா என் ஊன்றுகோல்கள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். "கல்யாணப் படத்துல கம்பா? அசிங்கம்லா. அஞ்சு நிமிஷம்தான்." நானும் நின்றேன், என் முட்டாள்தனத்தையும் மறைக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கக் காலை வைத்ததும் புது எலும்பு வளைந்தது. மறுபடியும் அறுவை சிகிச்சை, மறுபடியும் வளையங்கள், எட்டு மாதம். கிடைத்திருந்த முதல் வேலையும் போயிற்று.

மருத்துவமனைக்கு வந்து மாமா அவர்கள் திருவாய் மலர்ந்தார்கள்: "அந்த டாக்டர் சரியில்லைன்னு அப்பவே சொன்னேன்ல?" அதற்குப் பிறகான இந்தப் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட "வலிக்குதாம்மா?" என்று கேட்டதில்லை.

நேற்று ஆங் மோ கியோவில், மாமா குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர்களைக் கிடத்தியிருந்தார்கள். சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன்னை நடக்க வச்சதே அப்பாதான்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு வார்த்தை பேசேன்டி."

"அவரா சுமதி?" என்றேன். அவள் தலை குனிந்துகொண்டாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மாமாவை ஏற்றிய வண்டி கிளம்பியபோது இடது காலில் முழு எடையையும் வைத்து நின்றேன். யாரையும் "போய் வாருங்கள்" என்று அனுப்புவதுதான் நம் வழக்கம்.

மாமா, நீங்கள் போங்கள்.