பதினொன்றாவது புள்ளி

கணிதக் கட்டுரைகளில் முதல் ஆசிரியர், இரண்டாம் ஆசிரியர் என்று கிடையாது. எத்தனை பேர் எழுதினாலும் பெயர்கள் அகரவரிசையில் வரும். யார் எவ்வளவு செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவரை அவமதிக்க எங்களுக்கு இருப்பது ஒரே வழிதான்: பெயரைப் போடாமல் விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்வது.

என் தோழி அதைத்தான் செய்தாள்.

நாங்கள் இருவரும் திருவண்ணாமலையில் ஒரே கல்லூரியில், ஒரே வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். என் வீடு வேங்கிக்காலில். அவள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வருவாள். எங்கள் மாடியறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்ததால் அங்கேதான் வேலை. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. அதனால் எந்த வரியில் நின்றாலும் ஐந்தரைக்கு மார்க்கரை மூடிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வியைச் சொல்வது சுலபம். தாளில் சில புள்ளிகள் வைத்தால், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கும். அதில் ஒரே தூரம் எத்தனை முறை திரும்ப வரலாம்? பொதுவாக இதற்கு யாரிடமும் முழு விடை இல்லை. ஒரு குறிப்பிட்ட வகைப் புள்ளிக் கூட்டங்களுக்கு மட்டும், இந்த எண்ணிக்கையைத் தாண்டாது என்று ஓர் எல்லையை நிறுவ அவள் முயன்றாள். எட்டு மாதம் எதுவும் நகரவில்லை. ஒருநாள் நான் பலகையில் அதே ஜோடிகளை இரண்டு விதமாக எண்ணிக் காட்டினேன். இருபது நிமிடம்தான். எல்லை வந்துவிட்டது.

"அடிப்பாவி, இத்தினி நாளா இத எங்கடி வச்சிருந்த?" என்று என் தோளில் அடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் எழுதிய கட்டுரை மின்னஞ்சலில் வந்தது. மேலே அவள் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில், துறை நூலகருக்கு அடுத்ததாக, "பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி" என்று என் பெயர்.

"எம்பேரு ஏன் மேல இல்ல?"

"கோச்சிக்காதடி. தீசிஸ்ல இதான் மெயின் சாப்டர். ரெண்டு பேர் போட்டா இது யாரோடதுன்னு கேப்பாங்க. உனக்கு ஸ்காலர்ஷிப் இன்னும் ரெண்டு வருசம் வருது. எனக்கு தீசிஸ் கருத்தரங்கு நடக்குற மாசத்தோட முடியுது. அதுக்குள்ள தேறலன்னா எங்கப்பா விடமாட்டாரு. சித்தப்பா ஸ்கூல்ல எட்டாவதுக்குக் கணக்கு எடுன்னு அனுப்பிடுவாரு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. "சரி விடு" என்றேன். அன்று மாலை கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன், நன்றி சொல்லப்பட்டவர்கள் படிக்கிற மாதிரி.

மூன்றாம் நாள் ஓர் ஓட்டை கிடைத்தது. நிரூபணம் முழுக்க, எந்த மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இல்லை என்று வைத்துக்கொண்டு நடக்கிறது. கடைசியில் ஒரு வரி: அப்படி மூன்று ஒரே கோட்டில் இருந்துவிட்டால், ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். எங்கள் துறையில் எல்லோர் கையும் தானாக எழுதும் வரி அது. முக்கோணங்களை எண்ணும்போது அது சரி. சமமான தூரங்களை எண்ணும்போது அல்ல. புள்ளி மயிரிழை நகர்ந்தாலும் சமம் போய்விடும்; எண்ண வந்ததே காணாமல் போகும்.

ஒரே கோட்டில் மூன்று புள்ளிகள் கூடாது என்று நிபந்தனை போட்டால் தேற்றம் நிற்கும். ஆனால் ஆய்வேட்டில் இதை நம்பி நிற்கும் அடுத்த இரண்டு அத்தியாயங்களும் கட்டத்தாள் போன்ற முழு எண் புள்ளிகளைப் பற்றியவை. அங்கே கோடு இல்லாமல் எதுவும் இல்லை.

கணினியில் நிரல் எழுதி, அவள் எல்லையை மீறும் புள்ளிகளைத் தேடினேன். பதினொரு புள்ளிகள் கிடைத்தன, நடுவில் மூன்று ஒரே கோட்டில். அவற்றில் ஒரே தூரம் திரும்ப வந்த எண்ணிக்கை, பதினொரு புள்ளிகளுக்கு அவள் சொன்ன எல்லையை விட ஒன்று அதிகம்.

ஆய்வேட்டைத் தேர்வுக் குழுவின் முன் அவள் எடுத்துச் சொல்ல வேண்டிய கருத்தரங்குக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அவளால் அதற்குள் வேறு வழி கண்டுபிடித்திருக்க முடியும். அவளைப் பற்றி அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் சொல்லியிருக்கக்கூடிய இடங்களையும் வரிசையாகச் சொல்ல முடியும். பஸ் நிலையத்து ஜூஸ் கடை. ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுத்த ஜெராக்ஸ் கடை. வழிகாட்டியின் அறை வாசலில் முக்கால் மணி நேரம். கடைசியாக என் மாடியறை. அங்கே என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். அந்த வரி வந்ததும் மார்க்கரோடு திரும்பினாள்.

"இது ட்ரிவியல்தான? ஒண்ணும் விளக்க வேணாமில்ல?"

"வேணாம்" என்றேன்.

கருத்தரங்கு பௌர்ணமியன்று அமைந்தது. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவள் அப்பாவும் கூடவே நடந்து வந்தார். வேர்க்கடலை விவசாயி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு கடைசி வரிசையில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளின் டிபன் பை அவர் மடியில் இருந்தது.

நன்றாகப் பேசினாள். கேள்விகள் உண்டா என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். நான் எழுந்தேன்.

"மேடம், புள்ளிய நகர்த்துன அப்புறமும் அந்தத் தூரமெல்லாம் சமமாவே இருக்குமுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவளை அதுவரை நான் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. கேள்வி புரிவதற்கு முன்பே அது அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு கேள்வியும் புரிந்தது. நான் போய்ப் பதினொரு புள்ளிகளை வரைந்து, சம தூரத்தில் இருந்த ஜோடிகளைக் கோட்டால் இணைத்தேன். தேர்வாளர் ஒவ்வொரு கோடாக எண்ணினார். எண்ணி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தார்.

என் இடத்துக்குத் திரும்பியதும் அவள் அப்பா குனிந்து கேட்டார். "நல்ல கேள்வியாம்மா?"

"நல்ல கேள்விதாங்க."

"எம்பொண்ணு பதில் சொல்லிடுவா" என்றார்.

முழுக்கத் திருத்திக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரும்படி குழு சொன்னது. அவள் துறை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அப்பா டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். "பொழுது போகுதும்மா, சாப்புடு." அவள் தொடவில்லை. மலைக்குப் பின்னால் வெளிச்சம் போனதும் அவரே மூடியைப் போட்டார். இனி காலை வரை அவள் எதுவும் சாப்பிடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். என் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனேன்.

ஆறு மாதம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையே சித்தப்பா பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

பதினொரு புள்ளிகளை நான்கு பக்கக் கட்டுரையாக எழுதினேன். மேலே என் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில், பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி என்று அவள் பெயர். இதழுக்கு அனுப்பும் முன் அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஏன் என்று கேட்டால், அவள் அந்த வரியைப் படிக்க வேண்டும் என்பதற்காக.

நான்கு நாள் கழித்துப் பள்ளி இடைவேளை நேரத்தில் பதில் வந்தது.

"படிச்சேன். மேல தனியா நிக்குதே, அந்தப் புள்ளிய எடுத்துடு. எல்லையும் எறங்குது. பத்துலயே உடையும்."

சரிபார்த்தேன். பத்திலேயே உடைகிறது. பத்துக்குக் கீழே முடியாது என்பதையும் நிரல் காட்டியது. ஆக, சரியான விடை அவளுடையது. அதைப் போட்டால் அவள் பெயரையும் போட வேண்டும். அகரவரிசையில் அவள் பெயர் எனக்கு முன்னால் வரும்.

பதில் எழுதவில்லை. கட்டுரை பதினொரு புள்ளிகளோடுதான் வெளிவந்தது.