முதலைக்கு வைத்த பல்

பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கும் அவளுக்கு அந்தப் பக்கத்துக் குழந்தைகள் வைத்திருந்த பெயர் ‘பிடி அத்தை’. டாக்டர் ஊசியை எடுத்ததும் குழந்தையின் தலையையும் தாடையையும் அசையாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. குத்துகிறவர் டாக்டர், ஆனால் முடிந்ததும் பலூன் கொடுக்கிறவரும் அவரே என்பதால் அவர் தப்பித்துவிடுவார். கோபமெல்லாம் பிடித்தவள் மேல்தான். கடை வாசலில் அவளைப் பார்த்தால் சிலது அம்மாவின் பின்னால் ஒளியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். சிலது உதடு வெளுக்குமளவுக்கு வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். அதுதான் அவளுக்குத் தாங்காது.

“நடுத்தெருவுலயா நான் பல்லு புடுங்கப் போறேன்?” என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள்.

“யாரு கண்டா? கைப்பையில குறடு இருந்தாலும் இருக்கும்” என்பான் கணவன். மிக்சி, மின்விசிறி பழுதுபார்க்கிறவன். வாயும் ஒருநாளும் சும்மா இராது.

வீட்டில் அவள் கைக்கு வேறு வேலை இருந்தது. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறப்போட்டு, மாவுப் பசையில் பிசைந்து மிருகங்கள் செய்வாள். கத்தரியால் வெட்டமாட்டாள், கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று ஒட்டி மறையும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். அலமாரி மேல் ஒரு காண்டாமிருகம், ஜன்னலில் ஆமைகள், குளிர்சாதனப் பெட்டி மேல் ஈரம் காயுமுன் நிமிர்த்தி வைத்ததால் கழுத்து சாய்ந்துபோன ஒட்டகச்சிவிங்கி. அது எப்போதும் அடுத்த அறையில் பேசுவதை ஒட்டுக்கேட்பதுபோல் நிற்கும்.

“இந்த மாவு எனக்கா, அதுங்களுக்கா?” என்று டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கேட்பான் கணவன்.

காத்திருக்கும் அறையில் ஒரு முதலையை வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஆவென்று வாயைத் திறந்தபடி, பயமே இல்லாத முதலை. அதைப் பார்த்துக் குழந்தைகளும் வாயைத் திறக்கலாம். ஒன்றாவது, ஒரே ஒன்றாவது, அவளைப் பார்த்து வாயை மூடாமல் இருக்கலாம்.

முதுகுக்கு முட்டை அடுக்கும் அட்டைகளைக் கவிழ்த்து ஒட்டினாள். மேடும் பள்ளமுமாக அச்சு அசல் முதலைத் தோல். வாலுக்குக் கம்பி. ஒவ்வொரு பூச்சும் காய்வதற்காக, பழுதுக்கு வந்த மின்விசிறிகளையெல்லாம் கணவன் அதன்முன் ஓடவிட்டான். “ஓட்டிப் பாத்த மாதிரியும் ஆச்சு” என்றான். பல்லுக்கு, ஆஸ்பத்திரியில் தினமும் பல் அச்சு வார்த்து மிஞ்சிய பிளாஸ்டர் மாவு. அதை மட்டும் அவள் யோசித்துச் செய்யவில்லை. பழகின கை தானாகவே செய்தது.

முதலை ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே ஒரு சிறுமி அலறினாள். “அம்மா! இது ஒரு மாமாவ முழுங்கிடுச்சும்மா!”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முதலையின் வாயில் வரிசையாக, அழகாக, மனிதப் பற்கள். முன்பற்கள், சிங்கப்பல், கடைவாய்ப்பல், ஒன்றும் குறையாமல். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்போல் அது சிரித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் தூக்கிவந்து பற்களைப் பிடுங்க உட்கார்ந்தாள். இழுக்க இழுக்க முதலை ஆடியது. “நீ புடுங்கு, நான் புடிச்சிக்கறேன்” என்று கணவன் முதலையின் தலையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டான். கடைசிப் பல்லும் வந்தது. அப்புறம் மெதுவாக, “பாவமாத்தான் இருக்குடி” என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பொக்கை முதலையின் பாடு இன்னும் மோசமானது. “டாக்டர் எல்லாத்தையும் புடுங்கிட்டாரு!” என்று ஒரு பையன் தொடங்கிவைக்க, அறையே ஒப்பாரி வைத்தது.

டாக்டர் வெளியே வந்து பார்த்தார். “ஏம்மா, என் எதிரிகூட எனக்கு இப்படி விளம்பரம் பண்ணமாட்டான். சாயங்காலம் போறப்ப எடுத்துட்டுப் போயிடுங்க.”

“சரிங்க சார்” என்றாள். அன்று யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியாக வந்தவள் ஏழு வயதுச் சிறுமி. பால்பல் விழாமலே பின்னால் புதுப்பல் முளைத்துவிட்டது, பிடுங்கியாக வேண்டும். உள்ளங்கையால் வாயைப் பொத்தியபடி முதலை முன்னால் வந்து நின்றாள். கைக்குள்ளிருந்தே கேட்டாள்.

“டாக்டர் புடுங்கினாரா?”

வீட்டுக்கு எடுத்துப்போகச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தவளுக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. “இல்லம்மா. நான்தான். தப்பான பல்ல வெச்சிட்டேன்.”

“வலிச்சுதா?”

“வலிச்சிருக்கும். எங்க வீட்டுக்காரர் தலைய நல்லாப் புடிச்சிக்கிட்டாரு.”

“ஏன் புடிச்சாரு? அழுதுதா?”

“அசைஞ்சா இன்னும் வலிக்கும்ல.”

சிறுமி முதலையைப் பார்த்தாள். பிடி அத்தையின் கைகளைப் பார்த்தாள். அம்மா கூப்பிட்டும் திரும்பவில்லை.

“என்னையும் நல்லாப் புடிப்பீங்களா, அத்தை?”

அவள் சாக்கைக் கீழே போட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

நாற்காலியில் சிறுமிக்குக் கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. பல் தட்டில் டிங்கென்று விழுந்ததும், பஞ்சைக் கடித்தபடியே சிறுமி கையை நீட்டி அதைக் காட்டினாள். பிறகு வெளியறையைக் காட்டினாள்.

“முதலைக்கா? அதுக்கு மனுசப் பல்லு சேராதே, கண்ணு.”

சிறுமி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிப் பிடித்தாள். இத்துனூண்டுதானே.

டாக்டர் வெளியறையை எட்டிப் பார்த்தார். இடுக்கியால் பல்லை எடுத்துக் கழுவி, கருவிகளை வேகவைக்கும் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“வெந்ததும் எடுத்து ஒட்டுங்க. நேரா ஒட்டுங்கம்மா. கோணலா நின்னா என் பேருதான் கெடும்.”

சாக்கை மடித்து மேசைக்கடியில் செருகினாள்.

பல நாள் கழித்து, கடை வாசலில் யாரோ அவள் புடவையை இழுத்தார்கள். குனிந்து பார்த்தாள். அந்தச் சிறுமி, அத்தனை பேர் நடுவில், புதுப்பல் எட்டிப்பார்க்கும் இடம் தெரியும்படி, வாயை ஆவென்று திறந்துகொண்டு நின்றாள்.