கெளுத்தி முள் என்று நம்பினோம்

எந்த வேலையிலும் நிலையாகத் தங்காதவன் நான். அப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மீன் அள்ளிக்கொண்டிருந்த அந்தோணியின் கை ஒரு நாள் காலையில் வீங்கியிருந்தது.

"கெளுத்தி முள்ளு குத்திச்சு மாமு" என்றான்.

எங்களுக்கு அது புதிதல்ல. வழக்கம்போல் கையைச் சுடுதண்ணீரில் முக்கி வைத்தோம். "ஒரு முள்ளுக்கே இப்டி அழுவுறியே நைனா" என்று கிண்டலும் செய்தோம்.

மறுநாள் விரல்கள் கறுத்துவிட்டன, உடம்பு கொதித்தது. ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டேன். முழங்கை மடிப்பில் ஊசித் துளைகள், நடுவில் சீழ். மீன் அள்ளுகிறவனுக்கு முள் விரலில்தானே குத்தும்?

"போதைக்கு வலி மாத்திரைய கரைச்சு ஊசில ஏத்திகினேன். டாக்டராண்ட முள்ளுன்னே சொல்லு மாமு. அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடும்."

"இன்னா குத்துச்சுப்பா?" என்று டாக்டர் கேட்டார். அந்தோணி என்னையே பார்த்தான். நான் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"முள்ளு இல்ல சார், ஊசி. மாத்திரைய கரைச்சு போட்டுகினான்."

அவர் திட்டவில்லை. கரையாத தூள் ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது, சீழ் ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று சொல்லி உடனே உள்ளே கொண்டுபோனார். கை மணிக்கட்டோடு போனது. உயிர் தப்பியது.

இன்றும் எதிரே வந்தால் அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். திருப்பட்டும். நடந்து போகிறானே, எனக்கு அது போதும்.