ஒரே கொக்கியில் இரண்டு கயிறு

அந்த லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் அவளுக்கு எழுத்தக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பதினேழு மெக்கானிக்குகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிட ஒன்பது வயது மூத்தவர், எல்லாரும் மீசை என்று கூப்பிடும் மெக்கானிக், அவர்கூட அக்கா என்றுதான் அழைப்பார். யார் எதைச் சொன்னாலும் "இருங்க, எழுதிக்கறேன்" என்பாள். கல்யாணமான புதிதில், காப்பியில் தனக்குச் சர்க்கரை ஆகாது என்று கணவன் சொன்னதையும் தேதி போட்டு எழுதி வைத்தாளாம். அவன்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

வேலைக்குச் சேர்ந்தது என்னவோ போன் எடுக்கத்தான். சேர்ந்த மாதமே ஒரு கூத்து நடந்தது. ஒரு கட்டடத்தில் நாலாவது மாடி லிஃப்ட் கதவு மத்தியானமானால் மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று மெக்கானிக்குகள் மாறி மாறிப் போய் மூன்று சென்சார் மாற்றிவிட்டு வந்தார்கள். கடைசியில் பார்த்தால், படிக்கட்டு ஜன்னல் வழியாக வெயில் நேரே சென்சார் கண்ணில் அடித்திருக்கிறது! இரண்டு வருஷம் முன்பே ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருந்தார். எழுத்தக்காவுக்கு வந்ததே கோபம். ஒரு நோட்டை எடுத்து, "சென்சாரை மாற்றாதே, ஜன்னலை மறை" என்று எழுதினாள். அன்று தொடங்கியதுதான்.

நோட்டுகள் ஏழானதும் எதில் என்ன இருக்கிறது என்று தேடவே பாதி நாள் போயிற்று. அப்போது மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை, யாரும் சொல்லித்தராமல், பதினொரு தடவை தப்பாகப் போட்டுப் பன்னிரண்டாவது தடவை ஓடவைத்தாள். கட்டடத்துக்கு ஒரு பக்கம். பன்னிரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஆபீஸுக்குள் இருக்கும்வரை மெக்கானிக்குகள் அதைத் திறந்து பார்க்கலாம். வெளியே போனால் திறக்காது. அப்போது அவளுக்குப் போன் போடுவார்கள், அவள் படித்துச் சொல்வாள்.

அவளுக்கு ஆபீஸில் ஒரே ஒரு சண்டைதான், பேப்பர் சண்டை. வாங்கிவைத்த காகிதக் கட்டு வாரத்துக்குள் காணாமல் போய்விடும். பிரிண்டர் மேல் அவள் ஒட்டிய நோட்டீஸ் பிரசித்தம்: "பேப்பரைத் தின்கிறவர்கள் தயவுசெய்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரவும்." படித்துவிட்டுச் சிரிப்பார்கள். பேப்பர் குறைவது மட்டும் நிற்காது.

கம்பெனி இன்னும் இரண்டு ஊர்களில் கிளை திறக்கப்போகிறது என்று முடிவானபோதுதான் பிரச்சினை வந்தது. முதலாளி அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவரே மெக்கானிக்காக இருந்து வந்தவர், கையில் இன்னும் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது.

"கிளவுட்னு சொல்றாங்கம்மா. எல்லாம் அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும், நாம மாசாமாசம் வாடகை குடுத்தாப் போதும். எங்க இருந்து வேணா பாக்கலாம். இல்ல, நம்ம பெட்டிதான் வேணும்னா நல்லதாப் புதுசு வாங்கிப் போட்டுடலாம். ரெண்டுல எதுன்னு நீ சொல்லு. திங்கட்கிழமை சொன்னாப் போதும்."

"நானா சார்?"

"பின்ன? இதை எழுதினது நீதானே. நீ சொல்றதுதான்."

வீட்டுக்கு வந்து கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "நம்ம வீட்டுச் சாமானைக் கொண்டுபோய் யாரோ ஒருத்தர் வீட்ல வெக்கிறதா? நாளைக்கு அவங்க கடையை மூடிட்டா? வாடகைய ஏத்திட்டா?"

கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே கிடந்த பயம் வேறு. எங்கிருந்தும் பார்க்கலாம் என்றால் இனி யார் அவளுக்குப் போன் போடுவார்கள்? பன்னிரண்டு வருஷமாக அவள் எழுதியதை யாராவது மனசு வைத்துப் படித்தார்களா, இல்லை போன் போட்டால் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாள் என்று இருந்துவிட்டார்களா என்பதே அவளுக்குத் தெரியாது. போனும் நின்றுவிட்டால் அவள் அங்கே யார்? கணவன் தையல்காரன்; ஊசியில் நூல் கோத்தபடியே எல்லாவற்றையும் கேட்டான். "பயமா இருக்குன்னு சொல்லேன், எதுக்கு வாடகை மேல பழி போடறே?" என்றான். நம்ம பெட்டிதான் என்று முடிவு கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆபீஸைத் திறந்தால், மாடிப்படிக்குக் கீழே குளம். மேல்மாடி ஏசியின் தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டு, ஞாயிறு முழுக்க அவள் கம்ப்யூட்டர் தலையில் ஊற்றியிருக்கிறது. அவள் பதறவில்லை. வெள்ளிதோறும் ஒரு வாரம் தவறாமல் நகல் எடுத்து வைக்கிறவள் அல்லவா? நகல் டிஸ்க்கைத் தேடிக் கை நீட்டினாள். அது எங்கே இருந்தது தெரியுமா? அந்தக் கம்ப்யூட்டரின் தலையிலேயே. அடப் பாவமே! அதையும் சேர்த்துத்தான் தண்ணீர் குளிப்பாட்டியிருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் இரண்டையும் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

முதலாளி வந்து நின்று பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏம்மா, லிஃப்ட்டை அஞ்சு கயித்துல தொங்க விடறோம். ஒவ்வொண்ணுக்கும் தனிக் கொக்கி. நீ ரெண்டு கயிறு போட்டு, ரெண்டையும் ஒரே கொக்கியில மாட்டிட்டியே" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "பன்னெண்டு வருஷம் சார். என் கையாலயே தொலைச்சிட்டேன்."

வாசலில் நின்றிருந்த மீசை தொண்டையைக் கனைத்தார். "அக்கா, நீங்க மெஷின் ரூமுக்கு வந்து பாத்ததே இல்லையோ?"

எங்கே பார்த்தாள்? பன்னிரண்டு வருஷமும் போனும் நாற்காலியுமாக இருந்தவள். மீசை அவளைப் பக்கத்துத் தெருக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். லிஃப்ட்டில் மேல்மாடி வரை போய், அங்கிருந்து இரும்பு ஏணி ஏறி, லிஃப்ட் மோட்டார் இருக்கும் மொட்டைமாடி மெஷின் ரூமுக்குள் நுழைந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. மீசை கன்ட்ரோல் பேனலின் கதவைத் திறந்து, உள்பக்கம் தெரியும்படி டார்ச்சை அடித்தார்.

கதவின் உள்பக்கத்தில் அந்தக் கட்டடத்துக்கான அவளுடைய பக்கம் ஒட்டியிருந்தது. வரிக்கு வரி அவள் எழுதியது, பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையும் டேப் ஒட்டி. மேலே கொட்டை எழுத்தில் பேனாவால், "எழுத்தக்கா சொன்னது. கிழிக்காதே." ஓரமெல்லாம் வேறு வேறு கையெழுத்து. "சரியாக இருந்தது." "அக்கா சொன்ன மாதிரி பிரேக்கை முதலில் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது." இன்னொருவர், "இதைப் படிக்காமல் கையை வைத்திருந்தால் கை போயிருக்கும். நன்றி அக்கா."

"இந்த ரூமுக்குள்ள சிக்னலே கிடைக்காதுக்கா. உங்களுக்குப் போன் போடணும்னா வெளிய போய்த்தான் போடணும். அதான் நீங்க மாத்தி எழுதும்போதெல்லாம் புதுசா பிரிண்ட் எடுத்துட்டு வந்து ஒட்டிடுவோம். அநேகமா எல்லாக் கட்டடத்துலயும் இருக்கு."

"அப்போ என் பேப்பரெல்லாம்..."

"நாங்கதான் தின்னோம்" என்றார் மீசை.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று மீசைக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் திருடர்கள் என்று யாரைத் திட்டினாளோ அவர்கள்தான் அவள் எழுதியதை மாடிமாடியாகச் சுமந்துபோய்ப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "நல்லா இருங்கய்யா, எல்லாரும் நல்லா இருங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பத்து நாளில் பதினேழு பேரும் போட்டோ எடுத்து அனுப்பி, நூற்றுத்தொண்ணூற்றெட்டுப் பக்கங்கள் வந்து சேர்ந்தன. மிச்சத்தை ஆளாளுக்கு நினைவிலிருந்து சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள். முதலாளியிடம் போய், "கிளவுடே போடுங்க சார். நம்ம கையில ஒரு நகல், அது உங்க வீட்ல இருக்கட்டும், இங்க வேணாம். மூணாவது நகல் பேனல் கதவுல. தனித்தனிக் கொக்கி" என்றாள். அவர் தழும்புக் கையால் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

பிரிண்டர் மேல் இருந்த நோட்டீஸைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினாள்: "வயிறாரச் சாப்பிடவும்."

கிளவுட் ஓடத் தொடங்கிய முதல் நாள், எல்லார் போனிலும் எல்லாப் பக்கமும் திறந்தது. எழுத்தக்காவின் மேஜை போன் காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. பதினொன்றரை மணிக்கு அது அடித்தது. புதுக் கிளைக்கு எடுத்து, வேலை பழக மீசையிடம் அனுப்பியிருந்த மெக்கானிக், அவள் முகத்தையே பார்த்திராதவர்.

"அக்கா, அந்த ஆறு மாடிக் கட்டடத்து மெஷின் ரூம் வாசல்ல நிக்கறேன். கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"உங்க போன்லயே இருக்குமே தம்பி?"

"இருக்குக்கா. கையெல்லாம் கிரீஸ். அதோட, நீங்க படிச்சாத்தான் தைரியமா இருக்கும்னு மீசை அண்ணன் சொன்னாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தாள். "இருங்க, முதல்ல மெயின் சுவிட்சை அணைச்சீங்களா?" என்று கேட்டு, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தாள்.