ஒல்லாந்து மச்சாளின் ஆங்கிலம்

என் கணவரின் தங்கை ஒல்லாந்திலிருந்து வந்து மொன்றியலில் எங்கள் சென்ட் லோரன்ட் ஃபிளாட்டில் இறங்கியபோது, கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போவாள் என்றுதான் நினைத்தேன். குளிர்காலம் முழுவதும் நின்றாள். வந்த சூட்டோடேயே என் குசினியில் மிளகாய்த்தூள் போத்தல் இடம் மாறியது. பிறகு சட்டிகள் இடம் மாறின. கேட்டால், ஒல்லாந்தில் எல்லாரும் இப்படித்தான் ஒழுங்காக வைப்பார்கள் என்பாள்.

வேலை கிடைத்தால்தான் அவள் தனியாகப் போவாள். புவாண்ட்-கிளேரில் ஒரு பூ வெயார்ஹவுஸில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே ஆங்கிலம் இருந்தால் போதும் என்று கணவர் கேள்விப்பட்டு வந்தார். ஊரில் டியூட்டரி வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் படிப்பித்த ஒரே குற்றத்துக்காக அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மொன்றியலில் பிரெஞ்சு அல்லவா படிக்க வேண்டும் என்று கோயிலில் கண்டவர்கள் எல்லாம் புத்திமதி சொன்னார்கள். அவர்களுடைய குசினியில் யாரும் கைவைக்கவில்லை, சொல்லுவார்கள்தானே.

ஒல்லாந்தில் எல்லாரும் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் மச்சாள் அந்த எல்லாரிலும் சேர்த்தியில்லை. கண்ணாடிக் கூரைத் தோட்டங்களில் பூப் பிடுங்கிக் கட்டியே காலத்தைக் கழித்தவள். டச்சு மட்டும் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த டச்சில் வினைச்சொல்லின் ஒரு பாதி முன்னுக்கும் மறுபாதி கடைசியிலும் நிற்குமாம். ‘ஐ ஹாவ் யெஸ்டர்டே தி ஃபிஷ் குக்ட்’ என்பாள். தமிழிலும் வினை கடைசியில்தான் வரும் என்பதால் எனக்கே ஒரு கணம் அது சரிபோலத் தோன்றும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் விட்டுப்போன கோட்டை போதாதென்று உங்கள் தங்கச்சியின் வாய்க்குள்ளும் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள் என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

‘வொட் ஈற் யூ?’ என்று கேட்பாள். ‘டூ’ எங்கே என்பேன். அது ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நடுவில் நிற்கிறதே, எதற்கு என்பாள். நியாயமான கேள்விதான். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள், அனுசரித்துப் போக வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இலக்கணம் ஒருவழியாக வழிக்கு வந்தது. அவள்தான் வரவில்லை. உண்மை இல்லாத எதையும் உதாரணத்துக்குக்கூடச் சொல்லமாட்டாள். ‘என் அண்ணி நன்றாகச் சமைக்கிறா’ என்ற வாக்கியத்தை இறந்தகாலத்துக்கு மாற்றச் சொன்னேன்.

“பொய்யை வைச்சு என்னெண்டு படிக்கிறது அண்ணி?”

அடுப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று அவள்தான் சமைத்தாள், என் சட்டியில்.

நேர்முகத்துக்கு நம் ஆட்களின் முறைப்படி பதில்களைப் பாடமாக்கவைத்தேன். இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்டால், பூக்கள் என்றால் எனக்கு உயிர் என்று சொல்ல வேண்டும். பூச்சாறு பட்டு அவள் கையெல்லாம் சொறி பிடித்திருந்தது வேறு கதை. முகத்தைச் சுளித்துக்கொண்டே முணுமுணுத்துப் பாடமாக்கினாள்.

நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மனேஜர் ஒரு வயதான பெண்மணி. அறைக் கதவைத் திறந்தே விட்டிருந்தார். நான் வெளியே கதிரையில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டேன். முதல் கேள்விகளுக்கு மச்சாள் ஒரு சொல்கூட இடறாமல் பதில் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. நான் வெளியே உதட்டை அசைத்துப் பார்த்தேன்.

மச்சாள் ஆங்கிலத்தில் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “எனக்குப் பூக்கள் பிடிக்காது. முதலில் அப்பா வீட்டில் இருந்தேன். பிறகு கணவர் வீட்டில். பிறகு மகன் வீட்டில். இப்போது அண்ணன் வீட்டில். என்னுடைய வீட்டில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. அதற்கு வாடகை வேண்டும்.”

நான் கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடினேன். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியே இருப்பது என் அண்ணி, நல்ல ரீச்சர், நான் எப்போது போவேன் என்று அவவும் காத்திருக்கிறா என்றும் சேர்த்துச் சொன்னாள். மனேஜர் எட்டி என்னைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பிரெஞ்சுச் சஞ்சிகை ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. பனி கரைந்த கையோடு சென்ட் மிஷேலில் ஓர் அறை ஃபிளாட்டும் எடுத்தாள். கணவர் பெட்டிகளைத் தூக்கி வைத்து, பல்ப் மாட்டிக்கொடுத்துவிட்டு, வாசல் பூட்டுக்கு இருந்த இரண்டு திறப்புகளில் ஒன்றுக்குக் கையை நீட்டினார். நம் ஆட்களில் தங்கச்சி வீட்டுத் திறப்பு அண்ணனிடம் இருப்பது கேட்டு வாங்குகிற விஷயமே இல்லை.

“இல்லை அண்ணை,” என்றாள். “ரெண்டும் என்னட்டயே கிடக்கட்டும்.”

வழி நெடுக அவர் புறுபுறுத்துக்கொண்டே கார் ஓட்டினார். ஒல்லாந்து அவளைக் கெடுத்துவிட்டதாம். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். நான் அப்பா வீட்டிலிருந்து நேரே இவர் வீட்டுக்கு வந்தவள். வீட்டுக்குப் போய்ச் சட்டிகளைப் பழைய இடத்தில் அடுக்கினேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், பொறாமைதான் வந்தது. கணவர் குளிக்கப் போனதும் மச்சாளுக்குப் போன் எடுத்து, அந்தக் கட்டிடத்தில் இன்னொரு ஃபிளாட் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன்.